பார்ட்டன் ஓடைப் பாதையில் ஓடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸின் ஆஸ்டின் நகருக்கு வேலைக்கு வந்து, வீட்டுப் பக்கத்து நடைபாதையில் ஓடிச் சலித்துப்போய், "கிரீன்பெல்ட்டில் ஓடலாமா, நடுவில் ஓடையைத் தாண்டணுமாமே?" என்று கேட்கிற நம் ஆட்கள் நிறையப் பேர். அவர்களுக்காக எழுதியது இது. பார்ட்டன் கிரீக் கிரீன்பெல்ட் என்கிற ஓடையோரப் பூங்காவில் நான் தொடர்ந்து ஓடுகிறேன். அங்கே ஓடுவதற்கு வேகத்தையும் தூரத்தையும்விட முதலில் தெரிந்திருக்க வேண்டியது ஓடை அன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான். அதனால் தண்ணீர் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும்.

இது எந்தப் பாதை? எவ்வளவு நீளம்?

ஊருக்கு நடுவில் இருக்கும் சில்கர் பூங்காவில் தொடங்கி, பார்ட்டன் ஓடையை ஒட்டியே முதலில் தென்மேற்காகவும் பிறகு வடமேற்காகவும் போய், 'ஹில் ஆஃப் லைஃப்' என்கிற செங்குத்தான மேட்டில் முடிகிற மண்பாதை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு மைலுக்கு மேல். நடுவில் ஸ்பைகிளாஸ், கஸ் ஃப்ரூ, லூப் 360, ட்வின் ஃபால்ஸ் என்று பல வாசல்கள் இருப்பதால் முழுவதையும் ஓட வேண்டியதில்லை. மாநகராட்சிப் பூங்கா, கட்டணம் கிடையாது. காலை 5 மணி முதல் இரவு 10 வரை திறந்திருக்கும்.

முதல் தடவை போகிறேன். எங்கே ஆரம்பிக்கலாம்?

சில்கர் பக்கமிருந்து உள்ளே போங்கள். ஆரம்பத்தில் பாதை அகலம், மேடு பள்ளம் குறைவு. போகப் போகத்தான் கல்லும் வேரும் கூடும். கஸ் ஃப்ரூ வரை இரண்டு மைலுக்குச் சற்று மேல். அங்கே திரும்பினால் ஐந்து மைல் ஓட்டம் கணக்காகிவிடும். இன்னும் குறைவாக வேண்டுமென்றால் ஸ்பைகிளாஸ் வாசலில் இறங்கி கஸ் ஃப்ரூ போய்த் திரும்பலாம். ஸ்பைகிளாஸ் ஒரு கரையில், கஸ் ஃப்ரூ வாசல் எதிர்க்கரையில். ஆகவே எந்த வழியில் போனாலும் நடுவில் ஓரிடத்தில் ஓடையைக் கடந்துதான் ஆக வேண்டும். பாலம் கிடையாது. கடக்கிற அனுபவத்துக்கு முதலில் இந்த ஒரு கடவு போதும். அது பழகட்டும், அப்புறம் 360, ட்வின் ஃபால்ஸ் என்று உள்ளே போகலாம்.

ஹில் ஆஃப் லைஃப் முனையில் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் இறக்கம், அதனால் சுகமாக இருக்கும். ஓடிக் களைத்து வெயிலும் ஏறிய பிறகு, காரை அடைய அந்த மேட்டை ஏற வேண்டியிருக்கும்.

சாலையில் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். இது சுலபமாகத்தானே இருக்கும்?

மூச்சுக்குச் சுலபம், கணுக்காலுக்கு இல்லை. சுண்ணாம்புக் கல் உருண்டைகள், மரவேர்கள், படிபோல வெட்டுப்பட்ட பாறைகள் என்று ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி விழும். கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்காதீர்கள். சாலையில் ஒரு மைலுக்கு 10 நிமிடம் எடுப்பவருக்கு இங்கே 13, 14 ஆனாலும் அது நல்ல ஓட்டம்தான். அடிகளைச் சின்னதாக வைத்து, பார்வையை நாலைந்து அடி முன்னால் வைத்துக்கொண்டு ஓடுங்கள். எதையாவது பார்த்து ரசிக்கணும் என்றால் நின்று பாருங்கள். ஓடிக்கொண்டே ரசிப்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்று வீட்டிலிருந்தே தெரியுமா?

தெரியும். கிளம்பும் முன் இதைப் பார்ப்பதை ஷூ கட்டுவதுபோல வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் லூப் 360 பாலத்தடியில் ஓர் அளவீட்டுக் கருவி வைத்திருக்கிறது. 'யூஎஸ்ஜிஎஸ் பார்ட்டன் கிரீக் லூப் 360' என்று தேடினால் வரைபடம் வரும். அதில் வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று இருக்கும். மேட்டூர் அணைச் செய்தியில் "நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி" என்று படிக்கிறோமே, அதே கணக்கு.

எண்ணைவிடக் கோட்டின் போக்கைப் பாருங்கள். கோடு சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீர் வடிகிறது என்று அர்த்தம். நெட்டுக்குத்தாக ஏறியிருந்தால் மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது. அன்றைக்குக் கிரீன்பெல்ட் வேண்டாம். என் வழக்கத்தைச் சொல்கிறேன்: பத்து இருபது கன அடி ஓடினால் கவலைப்படாமல் போவேன். 50-ஐத் தாண்டினால் கடக்காமல் ஒரே கரையில் ஓடித் திரும்புவேன். இது என் உயரத்துக்கும் எடைக்கும் துணிச்சலுக்கும் ஏற்ற கணக்கு. நீங்கள் சில தடவை எண்ணையும் பார்த்து, போய் ஓடையையும் பார்த்தால் உங்கள் கணக்கு உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

இங்கே வானம் வெறிச்சென்று இருக்கிறது. பிறகு என்ன பயம்?

ஓடை நிரம்ப உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டும் என்றில்லை. பார்ட்டன் ஓடை மேற்கே குன்றுப் பகுதியிலிருந்து வருகிறது. அங்கே பாறைமேல் மண் மெல்லிசாகத்தான் இருக்கும். பெய்கிற மழை ஊறாமல் அப்படியே வழிந்து ஓடைக்கு வந்துவிடும். வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று வந்து பால்கோனஸ் மேட்டில் மோதிக் கொட்டுகிற இந்தப் பட்டைக்கு 'திடீர் வெள்ளச் சந்து' என்றே பெயர்.

1981 மே 24 இரவு ஆஸ்டின் ஓடைகளில் வந்த வெள்ளத்தில் 13 பேர் இறந்தார்கள். 2025 ஜூலை 4 அதிகாலையில், இங்கிருந்து மேற்கே கெர் வட்டாரத்தில், குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் ஏறக்குறைய 26 அடி உயர்ந்தது. நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள், அதில் கோடை முகாமுக்கு வந்திருந்த சிறுமிகளும் உண்டு. இது வேறு ஆறுதான். ஆனால் பாறையும் மழையும் அதே சாதி.

ஓடிக்கொண்டிருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, மேல்பக்கமிருந்து இரைச்சல் கேட்டாலோ உடனே மேடான இடத்துக்கு ஏறுங்கள். கார் எதிர்க்கரையில் இருக்கட்டும். இந்தக் கரையிலேயே ஏதாவது ஒரு வாசலுக்குப் போய், வண்டி பிடித்துச் சுற்றி வரலாம்.

எந்த ஆழம் வரை கடக்கலாம்?

வேகமாக ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும் என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. தேங்கி நிற்பதுபோல மெல்ல நகரும் தண்ணீர் முழங்கால் வரை இருந்தாலும் நடந்து போகலாம். எனவே ஆழத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கணும். வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். நேற்று சிரமமில்லாமல் கடந்த இடம் இன்றைக்குக் கொஞ்சம் வேகமாகத் தெரிந்தால், அந்தக் கொஞ்சத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

இன்னொன்று, இந்த ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். ஒளி வளைவதால் அடித்தளம் மேலே இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். 30 சென்டிமீட்டர் என்று நினைத்துக் கால் வைக்கிற இடம் 40 இருக்கும். தண்ணீர் போகிற கீழ்ப்பக்கம் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். விழுந்தால் போய்ச் சேருகிற இடம் சரளை மேடாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். சிறு அருவியோ, விழுந்து கிடக்கும் மரக்கிளைகளோ இருந்தால் ஆழம் குறைவாக இருந்தாலும் அங்கே இறங்காதீர்கள். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே புகுந்து போய்விடும், மனித உடம்பு போகாது.

கல்லுக்குக் கல் தாவிப் போகலாமா?

அப்படித் தாவுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீருக்கு மேலே தலைகாட்டும் கல் காய்ந்ததுபோல வெள்ளையாக இருக்கும். அதன் நடுவில் முன்னால் போனவரின் ஈரக் காலடி மட்டும் பளபளக்கும். மழமழவென்று தேய்ந்த சுண்ணாம்புக் கல்லில் அந்த ஈரம் போதும், வழுக்குவதற்கு. தண்ணீருக்கு அடியில் பழுப்பும் பச்சையுமாகப் பாசி படிந்த தட்டைப் பாறை அதைவிட மோசம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷூவும் அதில் பிடிக்காது.

காலடியில் சரளைக்கல் தெரிகிற இடமாகத் தேடுங்கள். ஓடை அகலமாக விரிந்து சலசலக்கிற இடத்தில் ஆழம் குறைவாக இருக்கும். குறுகி அமைதியாக ஓடுகிற இடம் பெரும்பாலும் ஆழம். அப்புறம் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து லேசாகத் திரும்பி, பக்கவாட்டில் அடி வையுங்கள். ஒரு கால் ஊன்றி நின்ற பிறகுதான் அடுத்த காலை எடுக்கணும். காலைத் தூக்கிப் போடாமல் தரையைத் தடவிக்கொண்டே நகர்த்துங்கள். முதுகுப்பை போட்டிருந்தால் மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் உதறிவிட்டு எழ முடியும். ஒரு கைத்தடி கிடைத்தால் ரொம்ப நல்லது. மூன்றாவது கால் அது.

ஷூவைக் கழற்றிவிட்டுக் கடக்கலாமா?

வேண்டாம். வெறுங்காலோடு கூர்க்கல்லில் மிதித்தால் அனிச்சையாகக் காலை இழுப்போம், அப்போதுதான் சாய்வோம். உடைந்த பாட்டில் கண்ணாடியும் கிடக்கும். பூங்காவில் கண்ணாடிப் பொருள்களுக்குத் தடை இருந்தும் கொண்டுவருகிறார்கள். ஷூவோடே இறங்குங்கள், நனையட்டும்.

நனையும் என்று தெரிந்தே வாங்குவதானால், வலைத்துணி மேல்பாகம் உள்ள ட்ரெயில் ஷூ நல்லது. ஏறிய தண்ணீர் நாலு எட்டில் வடிந்துவிடும். 'வாட்டர்ப்ரூஃப்' என்று விற்பதை இந்தப் பாதைக்கு வாங்காதீர்கள். கணுக்கால் வழியாக உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கடைசி வரை சளக் சளக் என்று கூடவே வரும்.

நனைந்த காலோடு ஓடினால் கொப்புளம் வராதா?

பருத்திக் காலுறை போட்டால் வரும். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை போடுங்கள். கிளம்பும் முன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாஸலைன் களிம்பு தடவுங்கள். கடந்து முடித்ததும் ஷூவுக்குள் மணல் புகுந்திருந்தால் சோம்பல்படாமல் உட்கார்ந்து தட்டிவிடுங்கள். தண்ணீரைவிட மணல்தான் தோலை உரிக்கும்.

ஆகஸ்டில் போனால் ஓடையே இல்லை, வெறும் கல்தான் கிடக்கிறது. தண்ணீர் எங்கே போனது?

காலுக்குக் கீழே போயிருக்கிறது. எனக்கு இந்தப் பாதையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஓடையின் படுகை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அதில் விரிசல்களும் துளைகளும் பொந்துகளும் நிறைய. ஓடிவரும் தண்ணீர் அவற்றின் வழியாக எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்த்தேக்கத்துக்குள் இறங்கிவிடும். மழை குறைந்த மாதங்களில் வருகிற அத்தனையும் இறங்கிப்போய், மேலே வெள்ளைக் கல் மட்டும் மிஞ்சும். இறங்கிய தண்ணீர் பாறைக்குள்ளேயே பயணம் செய்து, சில்கரில் பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் ஊற்றாகப் பொங்கி வருகிறது. மற்ற சில ஓடைகளின் தண்ணீரும் அதோடு சேரும். கோடையிலும் குளிர்காலத்திலும் அந்த ஊற்று கிட்டத்தட்ட ஒரே குளிர்ச்சியில், 68 முதல் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கும்.

மண்ணில் ஊறி இறங்கும் தண்ணீர் வடிகட்டப்படும். பாறைப் பொந்து வழியாக இறங்குவது அப்படி வடிகட்டப்படாது. பாதையோரம் நாய் போட்டதும், ஓடும்போது தின்றுவிட்டு நாம் எறிந்த சத்து ஜெல் உறையும், கார் நிறுத்துமிடத்து எண்ணெயும் மழையோடு போய் ஊற்றில் வெளிவரும். அந்த ஊற்றை நம்பித்தான் பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் சாலமாண்டர் உயிர்வாழ்கிறது. விரல் நீளம்கூட முழுதாக வராத, கழுத்தோரம் சிவப்புச் செவுள்கள் சிலிர்த்து நிற்கும் சின்ன உயிரி. 1997-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1992-இல், இந்த ஊற்றுப் பகுதியில் எவ்வளவு நிலத்தைக் கட்டடமும் சிமென்ட் தளமும் மூடலாம் என்று வரம்பு கட்டும் சட்டத்தை ஆஸ்டின் மக்கள் வாக்களித்தே கொண்டுவந்தார்கள். காய்ந்த ஓடையில் ஓடும்போது இதை நினைத்துக்கொண்டால் ஒரு காகிதத்தைக்கூடக் கீழே போட மனசு வராது.

ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா? முங்கிக் குளிக்கலாமா?

குடிக்கக் கூடாது. பார்க்கத் தெளிவாக இருப்பதற்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. பலத்த மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் ஊர் அழுக்கெல்லாம் ஓடையில் இருக்கும், அப்போது குளியலும் வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் நனைத்த பிறகு நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடுங்கோடையில் வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் மடுவில் தலையை முக்காதீர்கள். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறும். மிக அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். காலை நனைத்துக் கடப்பதால் அது வராது.

பாம்பு இருக்குமா?

இருக்கும். தண்ணீரோரம் காட்டன்மவுத், சருகில் காப்பர்ஹெட், வெயில்படும் பாறையில் கிலுகிலுப்பைப் பாம்பு. ஓடையில் நீந்திப் போகிறவற்றில் பெரும்பாலானவை விஷமில்லாத தண்ணீர்ப் பாம்புகள். கண்டால் நின்று வழிவிடுங்கள். கை வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். ஓடையிலிருந்து கரையேறும்போது பாறை இடுக்கைப் பிடிக்கிற பழக்கம்தான் ஆபத்து. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். 911 கூப்பிட்டு, அருகில் உள்ள வாசலின் பெயரைச் சொல்லி, அசையாமல் இருங்கள். பள்ளத்தாக்கில் சில இடங்களில் சிக்னல் இருக்காது. தனியாகப் போனால் எந்த வாசலில் நுழைகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

பாய்சன் ஐவி என்கிறார்களே, அது என்ன?

மூன்று மூன்று இலையாகப் படரும் கொடி. நடு இலைக்கு மட்டும் காம்பு கொஞ்சம் நீளம். மரத்தில் ஏறியிருந்தால் தண்டு மயிர் முளைத்த கயிறு மாதிரி இருக்கும். கரையோர நிழலில் ஏராளம். பட்டால் அதன் எண்ணெய் தோலில் ஒட்டி, ஓரிரு நாளில் அரிப்பும் கொப்புளமும் கிளப்பும். ஊரில் சேங்கொட்டை பட்டால் தோல் வெந்துபோகுமே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். மாவும் முந்திரியும்கூட அந்தக் குடும்பம்தான். மாம்பால் பட்டாலே முகம் தடிக்கிற ஆளாக இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். பட்டது தெரிந்தவுடன் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவணும். ஷூ கயிற்றிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும், அவற்றையும் கழுவணும். அப்படியே காலிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சென்னை வெயிலில் வளர்ந்த ஆளுக்கு இந்த வெயில் பெரிதா?

பெரிதுதான். 2023 கோடையில் தொடர்ந்து 45 நாள் பகலின் உச்ச வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. சென்னையில் சட்டை நனைந்து ஒட்டுவதை வைத்தே உடம்பின் நிலை தெரிந்துவிடும். இங்கே பிற்பகலில் காற்று காய்ந்திருப்பதால் வியர்வை உடனே ஆவியாகிவிடும், எவ்வளவு இழந்தோம் என்று உறைக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடிகாலையில் ஓடி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். குடிநீர் கையோடு இருக்கணும்; உள்ளே குழாய் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. சில்கர் முனையில் முதல் ஒரு மைல் அவர்களுக்குப் போதும். அம்மா செருப்போடு வந்தால் ஓடைக்குள் இறங்க விடாதீர்கள். கரையில் நல்ல நிழலில் உட்கார வையுங்கள், நீங்கள் ஓடிவிட்டு வாருங்கள். பிள்ளைகள் தண்ணீரைக் கண்டால் நிற்க மாட்டார்கள். கடக்கும்போது ஒரு பெரியவர் கீழ்ப்பக்கம் நின்று கையைப் பிடித்துக்கொள்ளணும்.

மழை பெய்த மறுநாள், தண்ணீர் வடிந்துவிட்டால் ஓடலாமா?

ஓடை அனுமதித்தாலும் பாதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். ஷூவில் சேறு அப்பிக்கொண்டு வருகிறது என்றால், உங்கள் காலடி அங்கே குழியாகிக் காய்ந்து இறுகும். அடுத்த மழையில் அந்தக் குழி வழியாக மண் அரித்துக்கொண்டு ஓடைக்குப் போகும். சேற்றைச் சுற்றி ஓரமாகப் போனால் பாதை வருஷத்துக்கு வருஷம் அகலமாகி, ஓரத்துச் செடிகள் சாகும். ஓரிரு நாள் சாலையில் ஓடிக்கொள்ளலாம். வழியில் சேறு குறுக்கிட்டால் நடுவிலேயே மிதித்துப் போங்கள்.

காரை எங்கே நிறுத்துவது?

எந்த வாசலானாலும் வார இறுதியில் எட்டு மணிக்குள் போனால்தான் இடம். குடியிருப்புத் தெருக்களில் பலகையைப் படித்துவிட்டு நிறுத்துங்கள். கண்ணாடியை உடைத்துத் திருடுவது இந்த வாசல்களில் அடிக்கடி நடக்கிறது. இருக்கையில் பையோ மடிக்கணினியோ இருக்கக் கூடாது. டிக்கியில் வைப்பதானால் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள்.

ஓடி முடித்ததும் பார்ட்டன் ஸ்பிரிங்ஸில் இறங்கலாமா?

சில்கர் முனையில் முடித்தால் அது பக்கத்திலேயே இருக்கிறது. ஊற்றுத் தண்ணீரைத் தேக்கி அமைத்த, மூன்று ஏக்கர் பரப்புள்ள நீச்சல் குளம். வியாழக்கிழமை பகலில் சுத்தம் செய்வதற்காக மூடுவார்கள். வெள்ளம் வந்தாலும் மூடுவார்கள். முதலில் காலைக் கழுவிச் சேற்றைப் போக்கிவிட்டு இறங்குங்கள். ஆகஸ்டு வெயிலில் வெந்த உடம்போடு ஒரேயடியாகக் குதிக்காமல், முழங்கால், இடுப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் மூச்சு அடைக்காது.